நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் ஒரு முலாம்பழமும்

"நானூத்திப் பன்னெண்டு வாக்கியம் மனப்பாடம். ஒரு முலாம்பழம் வாங்க முடியல," என்றார் தெய்வசிகாமணி.

"போன்ழூர் சார்," என்றாள் மரியபுஷ்பம்.

"மூணு சனிக்கிழமையா அலையறேன்."

"போன்ழூர் சார்."

"ஒரு வார்த்தை தப்பு கிடையாது. உச்சரிப்புகூட…"

"போன்ழூர் சார்."

அவர் நிறுத்தினார். வேறு வழியில்லாமல், பதில் வணக்கமாக, "போன்ழூர்," என்றார்.

"ம். இப்ப சொல்லுங்க."

பாரீசுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். அங்கே புதனும் சனியும் காலையில் சந்தை கூடும். மரியபுஷ்பம் புதுச்சேரிக்காரி. வயது முப்பத்தெட்டு. பதினாறு வருடமாக அந்தச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறாள்.

அந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது அவள்தான். பள்ளிக்கூடம் கிடையாது, கரும்பலகை கிடையாது. கிழங்கை நிறுத்துக்கொண்டே சொல்லித்தருவாள். கூடவே திட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. விழுப்புரத்தில் முப்பத்துமூன்று வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஆள், தன்னைவிடச் சின்னவளிடம் வந்து நிற்பதற்கு மூன்று வாரம் யோசித்தார். நான்காவது வாரம் இருந்திருந்தால் அதையும் யோசித்தே தீர்த்திருப்பார். அது இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம்.

"முதல்ல நோட்டைக் காட்டுங்க," என்றாள் மரியபுஷ்பம்.

நீள நோட்டு. அட்டைக்குக் காக்கி உறை. உள்ளே இரண்டு பத்தி. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் பிரெஞ்சு. ஒவ்வொரு வரிக்கும் எண்.

"தமிழ் எங்க சார்?"

"தமிழ் எதுக்கு? இங்கிலீஷ் வழியாப் போனா சுலபம்."

விழுப்புரத்திலிருந்து சென்னை போய்த் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுகிற ரகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

"பழக்காரர்கிட்ட என்னென்ன சொன்னீங்க?"

"எண் பதினேழு. செ கொம்பியேன். எவ்வளவுன்னு அர்த்தம்."

"அப்புறம்?"

"எண் இருபத்திமூணு. அன் மெலோன், சில் வூ ப்ளே. ஒரு முலாம்பழம், தயவுசெய்து."

"அப்புறம்?"

"எண் முப்பது. த்ரோ ஷேர். விலை ரொம்ப ஜாஸ்தி."

"அதையுமா சொன்னீங்க?"

"வரிசையில அடுத்து அதுதானே வருது?"

மரியபுஷ்பம் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மகள் தேன்மொழியைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்திருந்தார். வந்த இடத்தில் நல்ல செய்தி கிடைத்தது. கூடவே மசக்கையும் வந்து சேர்ந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒரு நாள், "முலாம்பழம் மட்டும் இறங்கும்போல இருக்குப்பா," என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மருமகன் பெரிய கடையில் வாங்கி வந்தான். வாசனையே இல்லை என்று தள்ளிவைத்துவிட்டாள். சந்தைப் பழம் வேண்டும். சனிக்கிழமை காலையில் மருமகனுக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. மிச்சம் இருந்தது அப்பாதான்.

தேன்மொழியின் அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் இதையெல்லாம் அவளே பார்த்திருப்பாள். தெய்வசிகாமணி கஞ்சி வைத்தால் அடிபிடிக்கும், ரசம் வைத்தால் மிளகு மட்டும் மிஞ்சும். பழமாவது வாங்கத் தெரியும் என்று நம்பியிருந்தார்.

முதல் சனிக்கிழமை வாங்கிய பழம் கல். இரண்டாவது சனிக்கிழமை வாங்கியது வீடு வருவதற்குள் பையிலேயே உடைந்து ஒழுகியது. மூன்றாவது, இதோ கையில் இருக்கிறது. மறுபடியும் கல்.

எந்தப் பழத்துக்கும் வீட்டில், "நல்லா இருக்குப்பா," என்பதுதான் பதில். இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இன்றைக்கும் சொல்வாள். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள்.

"டீச்சர்," என்றார் தெய்வசிகாமணி.

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். யாரை அழைக்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

"உங்களைத்தான். நீங்க ஒரு எட்டு வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். பத்தடியிலதான் கடை."

"வரேன். நல்ல பழமா நானே வாங்கித் தரேன். உங்க பொண்ணு சாப்பிடுவா. யாரு வாங்குனதுன்னு கேட்டா என்னா சொல்வீங்க?"

"புஷ்பம் வாங்கிக் குடுத்தாங்கன்னு."

"வரட்டுமா?"

அவர் கையில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்," என்றார் கடைசியில். "நான்தான் வாங்கணும்."

"அப்ப இதைப் பிடிங்க."

கிழங்கு நிறைந்த ஒரு மரப்பெட்டியைத் தூக்கி அவர் கைகளில் வைத்தாள். பத்து கிலோவுக்குக் குறையாது.

"இப்ப என்கிட்ட ஒரு கிலோ கிழங்கு வாங்குங்க."

அவர் குனிந்து பலகையில் இருந்த கிழங்குகளைப் பார்த்தார். வலது கை எழப் பார்த்தது. பெட்டி சாய்ந்தது. கை மறுபடி பெட்டிக்குப் போனது.

"எது நல்லதுன்னு எப்படிப் பாக்கறது? தொட வேணாமா?"

"விக்கிறவளுக்குத் தெரியாதா?"

"விக்கிறவங்களை நம்பி…"

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார், சொல்லுங்க."

"கை வலிக்குது டீச்சர்."

"வலிக்கட்டும். பழக்கடை முசியே ரெனே உங்களுக்கு இந்தச் சந்தையில என்னா பேரு வெச்சிருக்காரு தெரியுமா? அமுக்குற ஆளு. இங்க பழத்தை எடுத்துக் குடுக்குறது கடைக்காரர் வேலை. நீங்க வந்ததும் வராததுமா, அவர் அடுக்கி வெச்ச பழத்தை ஒவ்வொண்ணா அமுக்கி, மோந்து, காதுகிட்ட வெச்சுத் தட்டி… அவருக்கு ரத்தக் கொதிப்பு சார்."

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. விழுப்புரத்தில் பழத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குபவனை ஏமாளி என்பார்கள். இங்கே மூன்று வாரமாக மூன்று பேருக்குத் தேவையான தட்டு தட்டியிருக்கிறார்.

பெட்டியை இறக்கி வைத்தார். நோட்டைத் திறந்து எண் நானூற்றுப் பதின்மூன்று போட்டு, தொடக் கூடாது என்று எழுதினார்.

"அதோட முடியல சார்," என்றாள் மரியபுஷ்பம். "மூணு வாரமா அவர் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கிட்டிருக்காரு. நீங்க பதில் சொல்லல."

"என்னையா? என்ன கேள்வி?"

"என்கிட்டயா கேட்டாரு?"

அடுத்த ஆள் வரிசையில் வந்து நின்றாள். மரியபுஷ்பம், "போன்ழூர் மதாம்!" என்று அவள் பக்கம் திரும்பிவிட்டாள். அன்றைய பாடம் அத்தோடு சரி.

தெய்வசிகாமணி மூன்று சனிக்கிழமைகளையும் திரும்ப ஓட்டிப் பார்த்தார். முசியே ரெனே வாயைத் திறந்தது நினைவு இருந்தது. அவர் பேசும்போது தான் என்ன செய்தோம் என்பதும் நினைவு இருந்தது. எண் இருபத்துமூன்று முடிந்ததும் எண் முப்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெனே பேசி முடித்ததும் இவர், "வுய்," என்றார். ஆமாம் என்று அர்த்தம். ரெனே மறுபடி எதையோ சொன்னார். இவர், "மெர்சி," என்றார். நன்றி.

எதற்கு ஆமாம், எதற்கு நன்றி என்பதுதான் தெரியவில்லை.

புதன்கிழமை சந்தை கூடியதும் வந்துவிட்டார். "போன்ழூர் டீச்சர்," என்று ஆரம்பித்தார். அதில் ஒரு முன்னேற்றம்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார்.

"என்னாத்தை?"

"என் நோட்டுல வாங்குறவன் மட்டும்தான் பேசுறான். விக்கிறவன் பேசவே இல்ல. அதனால ராத்திரி தூங்காம புதுசா நாப்பது வரி சேத்திருக்கேன். விக்கிறவன் கேக்கக்கூடிய கேள்வி அத்தனையும் இருக்கு. இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும்."

படித்தார். பை வேண்டுமா? பெரியதா, சின்னதா? வேறு என்ன வேண்டும்? சில்லறை இருக்கிறதா? அட்டையா, ரொக்கமா? ஒன்றா, இரண்டா? எந்த நாட்டுக்காரர்?

"நாப்பதுல ஒண்ணு கண்டிப்பா இருக்கும்," என்றார். "எதுன்னு மட்டும் சொல்லுங்க."

மரியபுஷ்பம் நோட்டை வாங்கினாள். இப்படியும் அப்படியும் புரட்டினாள். அதன் தடிமனை விரலால் அளந்தாள். பிறகு குனிந்து, ஆடிக்கொண்டிருந்த கடைப்பலகையின் காலுக்கு அடியில் செருகினாள். பலகையை அழுத்திப் பார்த்தாள்.

"ஆடல," என்றாள். "மூணு வருஷமா இதுக்குச் சரியா ஒண்ணு கிடைக்காமத் தேடிக்கிட்டிருந்தேன். மெர்சி சார்."

"டீச்சர்! அது என் மூணு மாச உழைப்பு!"

"சனிக்கிழமை திருப்பித் தரேன். இன்னிக்கு என் பக்கத்துல நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க."

நின்றார். முப்பத்துமூன்று வருடம் மற்றவர்களை வாயை மூடச் சொன்ன மனிதர். தான் மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஒரு பெண் வந்தாள். போன்ழூர், போன்ழூர். மரியபுஷ்பம் எதையோ கேட்டாள். அந்தப் பெண் கையால் பிசைவதுபோலக் காட்டிப் பதில் சொன்னாள். மரியபுஷ்பம் இடப்பக்கப் பெட்டியிலிருந்து கிழங்கு எடுத்துப் போட்டாள்.

ஒரு வாலிபன் வந்தான். அதே கேள்வி. அவன் நீள நீளமாக வெட்டுவதுபோலக் காட்டினான். அவனுக்கு வலப்பக்கப் பெட்டி.

கைத்தடியோடு ஒரு கிழவர் வந்தார். அதே கேள்விதான். அவர் தடியைப் பலகையில் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் பதில் சொன்னார். நடுவில் கண் கலங்கினார், பிறகு சிரித்தார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படவில்லை. அவருக்கு நடுப்பெட்டியிலிருந்து நாலே நாலு கிழங்கு.

சந்தை கலையும்போது தெய்வசிகாமணியால் பொறுக்க முடியவில்லை.

"எல்லார்கிட்டயும் என்ன கேட்டீங்க?"

"கிழங்கு வாங்க வந்தவங்களை வேற என்னா கேப்பாங்க?"

"அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?"

"சூப் வைக்கப் போறாராம். அவர் பொஞ்சாதி வைக்கிற மாதிரி. எப்படி வைப்பாங்கன்னு சொன்னாரு."

"அதுக்கு ஏன் அஞ்சு நிமிஷம்?"

மரியபுஷ்பம் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு பெட்டியை எடுத்து மேலே வைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. கடைசிச் சந்தை.

வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. தேன்மொழி, "வேணாம்ப்பா, அலையாதீங்க. நாளைக்கு கிளம்பணும், சும்மா உக்காருங்க," என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நோட்டு இன்னும் பலகைக் காலுக்கு அடியில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. மரியபுஷ்பமும் எடுத்துத் தரவில்லை. தூரத்திலிருந்தே கையை உயர்த்தினாள், அவ்வளவுதான்.

முசியே ரெனே அவர் வருவதைப் பார்த்தார். பழக்குவியலுக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காவல் நின்றார்.

தெய்வசிகாமணி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போன்ழூர், முசியே," என்றார்.

முசியே ரெனே அவர் கைகளைத் தேடினார். முன்னால் காணவில்லை. மெல்லத் தம் கைகளைத் தாழ்த்தினார்.

"போன்ழூர், முசியே."

"அன் மெலோன், சில் வூ ப்ளே."

இனி எண் முப்பது. அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. தெய்வசிகாமணி அதை விழுங்கினார். முசியே ரெனேயின் முகத்தைப் பார்த்தார். இவருக்கு நீலக் கண் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

முசியே ரெனே கேட்டார்.

"செ பூர் கான்?"

மூன்றே சொல். மூன்றும் அவருக்குத் தெரிந்த சொற்கள். எப்போதைக்கு?

பழம் எப்போதைக்கு? எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?

இதைத்தான் மூன்று வாரமாகக் கேட்டிருக்கிறார். அதற்கு இவர் ஆமாம் என்றும், நன்றி என்றும் பதில் சொல்லியிருக்கிறார். தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மத்தியானத்துக்கு பிரெஞ்சில் என்ன என்பது சுத்தமாக மறந்துபோனது. ஒரு கையை முதுகிலிருந்து எடுத்தார். முசியே ரெனே பதறினார். அந்தக் கை பழத்துக்குப் போகவில்லை. விரலை நீட்டி, நேராக உச்சி வானத்தைக் காட்டியது.

முசியே ரெனே அண்ணாந்து பார்த்தார். கூடாரத் துணிதான் தெரிந்தது. பிறகு புரிந்தது. ஓவென்று சிரித்தார்.

"இன்னிக்கு மத்தியானம்! யாருக்கு?"

"மகளுக்கு," என்றார் தெய்வசிகாமணி. அந்தப் பிரெஞ்சுச் சொல் நினைவில் இருந்தது. தம் வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு சின்ன வளைவும் போட்டுக் காட்டினார்.

முசியே ரெனேயின் முகம் மாறியது. தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு குவியல் பக்கம் திரும்பினார். ஒரு பழத்தை எடுத்தார், முகர்ந்தார், வைத்துவிட்டார். இன்னொன்று. அதையும் வைத்தார். ஐந்தாவதோ ஆறாவதோ ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, தெய்வசிகாமணியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

மூன்று மாதத்தில் அப்படி ஒரு வாசனையை அவர் முகர்ந்ததில்லை.

வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு," என்றார். "நாளைக்கு. நாளை மத்தியானம்."

முசியே ரெனே வேறு பக்கத்துக் குவியலுக்குப் போனார். இந்த முறை தேட இன்னும் நேரம் பிடித்தது.

கதவைத் திறந்ததும் தேன்மொழிக்கு வாசனை எட்டிவிட்டது. தட்டு எடுக்கப் பொறுமை இல்லை. சமையலறையில் நின்றபடியே பாதிப் பழத்தைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அரைமணி நேரம் போயிற்று. அவள் குளியலறைப் பக்கம் போகவே இல்லை.

"நல்லா இருக்குப்பா," என்றாள். இந்தத் தடவை அவர் நம்பினார்.

"இன்னொண்ணு இருக்கு. அதை இன்னிக்குத் தொடாதே. அது நாளை மத்தியானத்துக்கு."

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களே."

"அதான் வாங்கினேன்."

தேன்மொழி ஈரக் கையோடு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். சட்டையெல்லாம் பிசுபிசுத்தது. அவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

சென்னையில் இறங்கிக் கைப்பேசியைப் போட்டபோது ஒரு படம் வந்திருந்தது. ஒரு தட்டு, அதில் வெறும் தோல். கீழே, நீங்க சொன்ன மத்தியானம், சரியா அன்னிக்குத்தான் பழுத்திருந்துச்சுப்பா, என்று எழுதியிருந்தாள்.

விழுப்புரம் வந்த இரண்டாம் நாள், ஸ்டேஷன் ரோட்டில் தனபாக்கியத்தின் பப்பாளி வண்டிக்குப் போனார். வருடக்கணக்காக அவரும் மனைவியும் சேர்ந்து போய்ப் பழம் வாங்கிய வண்டி. மனைவி போனபிறகு அவர் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

"வணக்கம்மா," என்றார்.

தனபாக்கியம் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"என்னை ஏன் சார் வணங்குறீங்க? எப்ப வந்தீங்க? பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா. ஒரு பழம் குடுங்க."

"எடுத்துக்குங்க."

"நீங்களே எடுத்துக் குடுங்க."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கைல அடியா சார்? தட்டிப் பாக்கலையா?"

"இல்லம்மா. நீங்க எடுங்க."

அவள் ஒரு பழத்தை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். எடைத்தட்டில் வைக்கப்போனவள் கையை நிறுத்தினாள்.

"எப்ப சாப்புடப் போறீங்க? இன்னிக்கா, நாளைக்கா?"

தெய்வசிகாமணி அப்படியே நின்றார்.

"என்னா சார்?"

"இதை… எப்பலேர்ந்து கேக்குறீங்க?"

"எதை?"

"எப்ப சாப்பிடப் போறீங்கன்னு."

"இது என்னா கேள்வி? வண்டி போட்ட நாள்லேர்ந்து கேக்குறேன்," என்றாள் தனபாக்கியம். "அம்மாதான் பதில் சொல்லுவாங்க. நீங்க தட்டிக்கிட்டிருப்பீங்க."